எதிர்மறை அதிர்வெண்: எட்டு சாம்பிளில் தொடங்கி எஸ்.டி.ஆர். வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிக்னலுக்குள் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்குக்கு எஃப்.எஃப்.டி. என்று பெயர். அதன் வரைபடத்தை முதன்முதலில் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். 1000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கோடுகள் எழும்புகின்றன: ஒன்று +1000-இல், இன்னொன்று −1000-இல். நொடிக்கு மைனஸ் ஆயிரம் தடவை ஒன்று எப்படி அதிரும் என்று கேட்டால், "அது வெறும் கணக்கு, இடது பாதியை விட்டுவிடு" என்ற பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆடியோ வேலையில் பல நாள் ஓட்டலாம். இரண்டு சிக்னல்களைப் பெருக்கி அதிர்வெண்ணை நகர்த்தும் முதல் மிக்ஸரை எழுதும் அன்றோ, கலப்பெண் சாம்பிள்கள் உள்ள முதல் ஐ-க்யூ கோப்பைத் திறக்கும் அன்றோ அது கைவிட்டுவிடும்.

தடுமாற்றம் பாடத்தின் கடினத்தால் வருவதில்லை, படிக்கும் வரிசையால் வருகிறது. வரைபடத்தில் தொடங்கினால் குழப்பம். சுழற்சியில் தொடங்கினால் தெளிவு. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். 3-ஆம் படியைத் தாளில் போடாமல் 6-ஆம் படிக்குத் தாவ வேண்டாம்.

முன்கூட்டியே தேவையானவை

கலப்பெண்கள் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வரும் அளவு போதும்: மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி, இணைக் கலப்பெண், இரண்டு கலப்பெண்களைப் பெருக்கினால் கோணங்கள் கூடும் என்பது. கற்பனை அலகுக்குக் கணக்குப் பாடத்தில் "ஐ" என்றும் மின்னியலில் "ஜே" என்றும் பெயர். மின்னியலில் "ஐ" மின்னோட்டத்துக்குப் போய்விட்டது, இங்கே ஜே.

கருவிக்கு நம்பை (எண் கணக்குகளுக்கான நூலகம்) உள்ள பைத்தான், அல்லது ஆக்டேவ். தாள், பேனா. 9-ஆம் படிக்கு மட்டும் ஒரு ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு வானொலிக் கருவி; எஸ்.டி.ஆர். என்றால் மென்பொருள் வானொலி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் படியை வாசித்தால் போதும்.

1. அதிர்வை விட்டுவிட்டுச் சுழற்சியைப் பிடியுங்கள்

ஒரு வட்டத்தின் மேல் ஒரு புள்ளி சீராகச் சுற்றுகிறது. அது ஒவ்வொரு கணத்திலும் ஒரு கலப்பெண்: கிடைத்தூரம் மெய்ப்பகுதி, செங்குத்துத் தூரம் கற்பனைப் பகுதி. நொடிக்கு எத்தனை சுற்று என்பது அதிர்வெண்ணின் அளவு. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது அதன் குறி. இடஞ்சுழி என்றால் பிளஸ், வலஞ்சுழி என்றால் மைனஸ்.

எதிர்மறை அதிர்வெண்ணின் பொருள் இவ்வளவுதான். "நொடிக்கு மைனஸ் ஆயிரம் அதிர்வு" என்பது விசித்திரமாக இருக்கலாம். "நொடிக்கு ஆயிரம் சுற்று, வலஞ்சுழியாக" என்பதில் விசித்திரம் ஏதும் இல்லை. திசை இல்லாத சொல்லான அதிர்வைத் திசை உள்ள பொருளுக்கு வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இங்கே நடக்கும் பிழை: எதிர்மறை அதிர்வெண் என்றால் காலம் பின்னோக்கி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வது. ஒற்றைச் சுழற்சிக்கு அது தற்செயலாகப் பொருந்தும். பேச்சைச் சுமக்கும் ஒரு கலப்பெண் பதிவைத் தலைகீழாக ஓட்டுவதும், அதன் ஒவ்வொரு சாம்பிளையும் இணைக் கலப்பெண்ணாக்கி ஸ்பெக்ட்ரத்தை (அதிர்வெண் வரைபடத்தை) இடம்-வலம் புரட்டுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் கடைசிச் சொல் முதலில் வரும். இரண்டாவதில் சொற்களின் வரிசை மாறாது. ஒவ்வொரு சுழற்சியின் திசை மட்டும் மாறும்.

2. ஒரு கோசைனுக்குள் இரண்டு சுழற்சிகள்

ஒரே வேகத்தில் இரண்டு புள்ளிகள், ஒன்று இடஞ்சுழியாக, ஒன்று வலஞ்சுழியாக, ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டையும் கூட்டுங்கள். ஒன்று மேலே ஏறும்போது மற்றது அதே அளவு கீழே இறங்குவதால் செங்குத்துப் பகுதி எப்போதும் ரத்தாகிவிடும். எஞ்சுவது கிடைக்கோட்டில் போய்வரும் அசைவு மட்டும். அதுதான் கோசைன். ஒவ்வொரு சுழற்சியின் ஆரமும் 0.5 என்றால் கோசைனின் வீச்சு 1.

ஆக, மெய்யெண்களால் ஆன எந்தச் சிக்னலிலும் இரண்டு திசைச் சுழற்சிகளும் சரிசமமாக இருந்தே தீரும். இல்லாவிட்டால் கற்பனைப் பகுதி ரத்தாகாது. வரைபடத்தின் இடது பாதி எஃப்.எஃப்.டி. கூடுதலாகப் போட்டுக் காட்டும் கணக்கு அலங்காரம் இல்லை. வலது பாதி மட்டும் இருந்தால் உங்கள் சிக்னல் மெய்யெண் சிக்னலாகவே இருக்க முடியாது.

இதே கணக்கு வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஒற்றைச் சுருளின் காந்தப்புலம் சுழல்வதில்லை, ஒரே கோட்டில் கூடிக் குறைகிறது. அதை எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சம புலங்களாகப் பிரித்துத்தான் மோட்டார் பாடத்தில் சொல்லித் தருவார்கள். கண்டென்சர் போன சீலிங் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்பதும், எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே மெல்லச் சுற்றத் தொடங்குவதும் இதனால்தான். கண்டென்சர் இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தை ஏறக்குறைய 90 பாகை தள்ளிக் கொடுத்து, ஒரு திசையை ஓங்கவைக்கிறது. இந்த "90 பாகை தள்ளிய இரண்டாவது வழி" 7-ஆம் படியில் க்யூ என்ற பெயரில் திரும்ப வரும்.

சைன் அலையிலும் அதே இரண்டு சுழற்சிகள்தான்; கிளம்பும் இடம் மட்டும் வேறு. இடஞ்சுழி −90 பாகையிலும் வலஞ்சுழி +90 பாகையிலும் தொடங்கும்.

3. எட்டு சாம்பிளைக் கையால் போடுங்கள்

சாம்பிள் என்பது சிக்னலை ஒரு கணத்தில் அளந்த மதிப்பு. சாம்பிளிங் வேகம் நொடிக்கு 8000. எட்டு சாம்பிள். 1000 ஹெர்ட்ஸ் கோசைன் என்றால் சாம்பிளுக்குச் சாம்பிள் 45 பாகை நகர்வு. மதிப்புகள் வரிசையாக:

1, 0.707, 0, −0.707, −1, −0.707, 0, 0.707

எஃப்.எஃப்.டி. என்ன செய்கிறது? ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும், அந்த வேகத்திலேயே எதிர்த்திசையில் சிக்னலைச் சுழற்றிப் பார்க்கிறது. உள்ளே அந்தச் சுழற்சி இருந்தால் அது அசையாமல் நின்றுவிடும், கூட்டினால் பெரிய எண் வரும். இல்லாவிட்டால் வட்டமடித்து ஒன்றையொன்று ரத்துசெய்து பூஜ்யமாகும்.

விடையில் எட்டு இடங்கள் உண்டு, 0 முதல் 7 வரை எண்ணிடுவோம். 1-ஆம் இடத்துக்கு: ஒவ்வொரு சாம்பிளையும் வரிசையாக 0, −45, −90, −135... பாகைச் சுழற்சியால் பெருக்கிக் கூட்டுங்கள். மெய்ப்பகுதியில் கோசைனின் வர்க்கங்கள் சேரும்: 1 + 0.5 + 0 + 0.5 + 1 + 0.5 + 0 + 0.5 = 4. கற்பனைப் பகுதி ரத்தாகும். விடை 4. 7-ஆம் இடத்துக்கும் இதேபோல் செய்தால் அதுவும் 4. மற்ற ஆறு இடங்களிலும் பூஜ்யம்.

இப்போது சைன்: 0, 0.707, 1, 0.707, 0, −0.707, −1, −0.707. இதற்கு 1-ஆம் இடத்தில் −4 ஜே, 7-ஆம் இடத்தில் +4 ஜே. அளவு அதே 4, கோணம் மட்டும் எதிரெதிர்.

அடுத்ததுதான் முக்கியம். கோசைனை மெய்ப்பகுதியாகவும் சைனைக் கற்பனைப் பகுதியாகவும் வைத்து ஒரே கலப்பெண் வரிசை செய்யுங்கள். சைனின் விடைகளை ஜே-யால் பெருக்கிக் கோசைனின் விடைகளோடு கூட்ட வேண்டும். 1-ஆம் இடம்: 4 + ஜே × (−4 ஜே) = 4 + 4 = 8. 7-ஆம் இடம்: 4 + ஜே × (4 ஜே) = 4 − 4 = 0. இடது கோடு மறைந்துவிட்டது (7-ஆம் இடம்தான் −1000; காரணம் அடுத்த படியில்). சைனைக் கூட்டாமல் கழித்தால் 1-ஆம் இடம் 0, 7-ஆம் இடம் 8.

இதைத் தாளில் ஒருமுறை போட்டவருக்கு எதிர்மறை அதிர்வெண் உண்டா இல்லையா என்ற விவாதம் தேவைப்படாது. பிறகு நம்பையில் சரிபாருங்கள். 10-இன் மைனஸ் 16-ஆம் அடுக்கு அளவில் குப்பை எண்கள் வந்தால் அவை பூஜ்யமே. அந்த இடங்களின் கோணத்தை வரைந்து பார்த்து அர்த்தம் தேடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கோணம் இல்லை.

4. 7-ஆம் இடம் ஏன் −1000?

இடங்களுக்கு இடையே 8000 ÷ 8 = 1000 ஹெர்ட்ஸ். அப்படியானால் 7-ஆம் இடம் 7000 அல்லவா? ஆம், அதுவும் சரி. ஒரு சாம்பிளுக்கு 315 பாகை இடஞ்சுழியாகப் போவதும் 45 பாகை வலஞ்சுழியாகப் போவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும். சாம்பிள்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பது பதிவில் இல்லை. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவது இதே கதைதான்.

இரண்டு பெயர்களில் சிறிய கோணத்தைத் தருவதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதனால் 0 முதல் 3 வரை 0, 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ். 5, 6, 7 முறையே −3000, −2000, −1000. நடுவில் உள்ள 4-ஆம் இடம் சாம்பிளுக்கு 180 பாகை. இடமா வலமா என்று அதற்கே தெரியாது. +4000 என்றாலும் −4000 என்றாலும் ஒன்றே. நம்பை அதற்கு −4000 என்று பெயர் கொடுக்கும்.

இங்கே விழும் பிழைகள் கொஞ்சம் அதிகம்:

வரைபடத்தின் குறுக்கே வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு ஒரு நேர்கோடு ஓடினால், அதிர்வெண் வரிசையை மாற்றியடுக்காமல் வரைந்துவிட்டீர்கள். எஃப்.எஃப்.டி. நேர்மறைப் பாதியை முதலிலும் எதிர்மறைப் பாதியைப் பின்னாலும் தரும். எஃப்.எஃப்.டி. ஷிஃப்ட் கொடுத்தால் பூஜ்யம் நடுவுக்கு வரும். விடையையும் அதிர்வெண் பட்டியலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் எல்லாக் கோடுகளும் தவறான இடத்தில் நிற்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

மாற்றியடுக்கியதை எதிர் எஃப்.எஃப்.டி.-க்குக் கொடுக்கும் முன் பழைய வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இன்வர்ஸ் ஷிஃப்ட் எனத் தனிச் செயலி உண்டு. சாம்பிள் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். ஒற்றைப்படையில் ஓரிடம் தள்ளிப்போகும். 1024-இல் ஓடிய நிரல் 1023-இல் சொதப்பினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆக்டேவில் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்குவதால் மேலே சொன்ன 7-ஆம் இடம் அங்கே 8-ஆவது.

5. உயரத்தை இரட்டிப்பது எப்போது?

கோசைனின் வீச்சு 1. எஃப்.எஃப்.டி. விடையை 8-ஆல் வகுத்தால் இரண்டு பக்கமும் 0.5. "வீச்சு பாதியாகிவிட்டதே" என்று தேட வேண்டாம். மறுபாதி இடது பக்கம் இருக்கிறது. மெய்யெண் சிக்னலுக்கு வலது பாதியை மட்டும் காட்ட விரும்பினால் உயரங்களை இரண்டால் பெருக்குங்கள். ஆனால் பூஜ்ய இடத்தையும் நடுவிடத்தையும் பெருக்கக் கூடாது. அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் இணை கிடையாது.

வீச்சை இரட்டித்தால் 6 டெசிபெல், திறனை இரட்டித்தால் 3 டெசிபெல். திறன் ஸ்பெக்ட்ரம் போடும்போது முதலில் வீச்சை இரட்டித்துவிட்டுப் பிறகு வர்க்கம் எடுத்தால் 3 டெசிபெல் கூடுதலாக வந்துவிடும். சரியான கணக்கு: இரு பக்கமும் 0.5-இன் வர்க்கம் 0.25, இரண்டையும் கூட்டினால் 0.5. வீச்சு 1 உள்ள கோசைனின் சராசரித் திறனும் அதுவே.

கலப்பெண் சிக்னலுக்கு இந்த இரட்டிப்பு எதுவும் கூடாது. இரண்டு பாதிகளும் அங்கே தனித்தனிச் செய்திகள்.

6. மிக்ஸரில் இடது பாதி நேரில் வந்து நிற்கும்

"விட்டுவிடு" என்ற அறிவுரை உடையும் இடம் இதுதான். 1000 ஹெர்ட்ஸ் கோசைனை 3000 ஹெர்ட்ஸ் கோசைனால் பெருக்குங்கள். 4000-இலும் 2000-இலும் கோடுகள் வரும். 1000-ஐ 3000 மேலே தள்ளினால் 4000; சரி. 2000 எங்கிருந்து வந்தது? −1000-ஐ 3000 மேலே தள்ளினால் 2000. ஏ.எம். ஒலிபரப்பில் ஊர்தி அலைக்கு (ஒலியைச் சுமந்து செல்லும் உயர் அதிர்வெண் அலைக்கு) கீழே வரும் பக்கப்பட்டையும் இப்படித்தான் பிறக்கிறது. செய்தியின் எதிர்மறைப் பாதி ஊர்தி அலையோடு ஏறி வந்து நேர்மறைப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் விட்டுவிட்ட பாதியும் அலைவரிசையில் இடம் பிடிக்கிறது.

கீழே இறக்கும்போது சிக்கல் கூடும். இதைச் செய்து பாருங்கள். சாம்பிளிங் 8000, சாம்பிள்கள் 800. அப்போது இடைவெளி 10 ஹெர்ட்ஸ், எல்லா அலைகளும் சரியாக ஓர் இடத்தில் விழும், பக்கத்து இடங்களுக்குக் கசிவு இராது. சிக்னலில் இரண்டு கோசைன்கள்: 3200 ஹெர்ட்ஸ், வீச்சு 1, 2800 ஹெர்ட்ஸ், வீச்சு 0.5. இரண்டும் பூஜ்யக் கோணத்தில் தொடங்கட்டும்.

முதலில் 3000 ஹெர்ட்ஸ் கோசைனால் பெருக்கி, எஃப்.எஃப்.டி. எடுத்து 800-ஆல் வகுத்து, −500 முதல் +500 வரை மட்டும் பாருங்கள். +200-இலும் −200-இலும் 0.375. இரண்டு சிக்னல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலந்துவிட்டன. 2800-இன் கோணத்தை 180 பாகை மாற்றினால் 0.375 என்பது 0.125 ஆகும். எது யாருடைய பங்கு என்று இனி எந்த ஃபில்ட்டராலும் பிரிக்க முடியாது.

அடுத்து அதே சிக்னலை 3000 ஹெர்ட்ஸில் வலஞ்சுழியாகச் சுற்றும் கலப்பெண்ணால் பெருக்குங்கள். +200-இல் 0.5, −200-இல் 0.25. தனித்தனியே நிற்கின்றன. கோசைன் பெருக்கல் சிக்னலை இரண்டு பக்கமும் தள்ளுகிறது, சுழற்சியால் பெருக்கினால் ஒரே பக்கம் தள்ளுகிறது, வேறுபாடு இவ்வளவுதான்.

±500-க்கு வெளியே +1800, +2200 ஆகிய இடங்களிலும் கோடுகள் தெரியும். அவை −3200, −2800 இரண்டும் மேலும் 3000 கீழே இறங்கி −6200, −5800 ஆகி, 8000 கூடி மடங்கி வந்தவை. நிஜ வேலையில் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்ட்டர் வைத்து அவற்றை வெட்ட வேண்டும்.

7. ஐ, க்யூ இரண்டும் எதற்கு?

சுழற்சியால் பெருக்குவது என்றால் நடைமுறையில் இரண்டு பெருக்கல்: ஒன்று கோசைனால், ஒன்று மைனஸ் சைனால். முதல் விடை ஐ, இரண்டாவது க்யூ (இந்த ஐ வெறும் பெயர், கற்பனை அலகு இல்லை). சேர்த்துப் படித்தால் ஒரு கலப்பெண்.

ஒன்று மட்டும் இருந்தால் என்ன குறையும் என்பதை ராட்டினத்தில் பார்க்கலாம். இருட்டில் குடை ராட்டினம் சுற்றுகிறது, அதில் ஒரே ஒரு விளக்கு. தூரத்தில் பக்கவாட்டில் நிற்பவருக்கு அந்த விளக்கு இடமும் வலமும் போய்வருவது மட்டுமே தெரியும். சுற்றும் திசை தெரியாது. 90 பாகை தள்ளி இன்னொருவர் நின்று, இருவரும் பார்த்ததை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரேடாரில் இது காசு பெறும் வேறுபாடு. 10.525 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் எச்.பி.100 போன்ற மலிவான அசைவு உணரியில் ஒரே வெளியீடுதான். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக ஒரு வண்டி வந்தால் ஏறக்குறைய 702 ஹெர்ட்ஸ் தரும்; அதே வேகத்தில் விலகிப் போனாலும் 702 ஹெர்ட்ஸே தரும். ஐ, க்யூ இரண்டும் தரும் உணரியில் ஒன்று +702, மற்றது −702.

குறியை நேரடியாக அளக்க எளிய வழி: ஒவ்வொரு சாம்பிளையும் அதற்கு முந்தைய சாம்பிளின் இணைக் கலப்பெண்ணால் பெருக்கி, விடையின் கோணத்தை எடுங்கள். 8000 சாம்பிளிங்கில் +45 பாகை என்றால் +1000 ஹெர்ட்ஸ், −45 என்றால் −1000. எஃப்.எம். ஒலியைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களில் பரவலாக உள்ள வழியும் இதுவே.

8. ஒரு பக்கத்தை மட்டும் தொட்டால்

பதிவில் 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமல். அதை எஃப்.எஃப்.டி.யில் அழிக்க நினைத்து, 1000 சாம்பிளிங், 1000 சாம்பிள் உள்ள பதிவில் 50-ஆம் இடத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். விடை கலப்பெண்ணாக வருகிறது. "கற்பனைப் பகுதி கைவிடப்படுகிறது" என்ற எச்சரிக்கையைத் தாண்டி, மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உறுமல் பாதிதான் குறைகிறது: 6 டெசிபெல். மீதிப் பாதி 950-ஆம் இடத்தில், அதாவது −50-இல், தொடப்படாமல் இருக்கிறது.

மெய்யெண் சிக்னலில் எந்த இடத்தை மாற்றினாலும் அதன் எதிரிடத்தை அதன் இணைக் கலப்பெண்ணாக மாற்றியாக வேண்டும். மறந்துபோகும் என்றால் மெய்யெண்ணுக்கான ஆர்.எஃப்.எஃப்.டி. செயலியைப் பயன்படுத்துங்கள். அது வலது பாதியை மட்டும் கொடுத்து, திரும்பும்போது இடது பாதியைத் தானே கட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றே ஒரு பக்கத்தை அழிப்பதும் உண்டு. எதிர்மறைப் பாதியைப் பூஜ்யமாக்கி, நேர்மறைப் பாதியை இரட்டித்து, பூஜ்ய இடத்தையும் நடுவிடத்தையும் அப்படியே விட்டால் கிடைப்பது பகுப்பாய்வுச் சிக்னல். மெய்ப்பகுதி பழைய சிக்னல். கலப்பெண்ணின் நீளம் கணத்துக்குக் கணம் உள்ள வீச்சு. பைத்தானின் சைபை நூலகத்தில் ஹில்பர்ட் என்ற செயலி திருப்பித் தருவது இந்த முழுக் கலப்பெண்ணை. ஹில்பர்ட் உருமாற்றம் வேண்டும் என்றால் அதன் கற்பனைப் பகுதியை எடுக்க வேண்டும். பெயரை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய.

9. எஸ்.டி.ஆரில் பரிசோதனை

ஆர்.டி.எல். டாங்கிளின் கோப்பில் ஐ, க்யூ, ஐ, க்யூ என மாறி மாறி, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையான 8 பிட் எண்ணாக இருக்கும். முதலில் 127.5-ஐக் கழியுங்கள். கழிக்க மறந்தால் நடுவில் மலைபோல் ஒரு கோடு நின்று மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். ஹேக்ஆர்எஃப் என்ற இன்னொரு எஸ்.டி.ஆர். கருவியின் கோப்பும் 8 பிட்தான், ஆனால் குறியுள்ள எண்கள், அதில் 127.5-ஐக் கழிக்கக் கூடாது.

98.3 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். நிலையம் உள்ள ஊர் என்றால், 98.0-க்கு ட்யூன் செய்து நொடிக்கு 24 லட்சம் சாம்பிளில் பிடியுங்கள். நிலையம் +0.3 மெகாஹெர்ட்ஸில் தெரிய வேண்டும். 98.6-க்கு மாற்றினால் −0.3-இல். இங்கே மைனஸ் என்பதற்கு "நடுவுக்குக் கீழே" என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. உண்மையான அதிர்வெண் = ட்யூன் செய்த அதிர்வெண் + வரைபடத்தில் தெரிவது.

98.0-இல் நிலையம் இடது பக்கம் வந்தால் ஐ-யும் க்யூவும் இடம் மாறியிருக்கின்றன. த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் திரும்பிச் சுற்றுமே, அதேதான். இதில் ஒரு கண்ணி உண்டு: எஃப்.எம். பாட்டு அப்போதும் நன்றாகவே கேட்கும். ஒலியலை தலைகீழாகும், காது கண்டுபிடிக்காது. "பாட்டு வருகிறதே, எல்லாம் சரி" என்று விட்டுவிட்டு எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்குப் போனால் மேல் பக்கப்பட்டை கீழாகிக் குளறும், 0-க்கும் 1-க்கும் வெவ்வேறு அதிர்வெண் வைக்கும் எஃப்.எஸ்.கே. தரவில் 0-உம் 1-உம் மாறிவிடும்.

நடுக்கோட்டுக்கு மறுபுறம் மங்கலாக இன்னொரு நிலையம் தெரிந்தால், அது பிம்பமா (எதிர்ப்பக்க நிலையத்தின் போலி நிழல்) நிஜமா என்று பார்க்க ட்யூனிங்கை 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்துங்கள். நிஜ நிலையங்கள் எல்லாம் 100 கிலோஹெர்ட்ஸ் இடப்பக்கம் நகரும். பிம்பம் மட்டும் வலப்பக்கம் போகும்.

பிம்பத்துக்குக் காரணம் ஐ, க்யூ இரண்டின் பெருக்கமும் (கெயின்) ஒன்றாக இல்லாதது, அல்லது இடையில் சரியாக 90 பாகை இல்லாதது. 3-ஆம் படியின் கலப்பெண் வரிசையில் மெய்ப்பகுதியை மட்டும் 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள். 8-ஆல் வகுத்தபின் 1-ஆம் இடம் 1.05, 7-ஆம் இடம் 0.05; பிம்பம் 26 டெசிபெல் கீழே. பெருக்கப் பிழை 1 சதவீதம், கோணப் பிழை 1 பாகை என்ற அளவுக்குக் கொண்டுவந்தால்தான் ஏறக்குறைய 40 டெசிபெல் கிடைக்கும்.

ஆர்820டி ட்யூனர் உள்ள டாங்கிளில் இந்தத் தொல்லை குறைவு. அது சிக்னலை ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கிவிட்டு, எண்களான பிறகே ஐ, க்யூ பிரிக்கிறது. எண்களுக்குள் 90 பாகை பிசகாது. ஹேக்ஆர்எஃப் ஒன் கடைசிக் கட்டத்தில் அனலாகிலேயே பிரிப்பதால் நடுக்கோடும் பிம்பமும் தெரியும். வேண்டிய நிலையத்தை நடுவில் வைக்காமல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்து, மென்பொருளில் சுழற்றி நடுவுக்குக் கொண்டுவருவதுதான் நடைமுறை.

10. விடை தவறினால் முதலில் பார்க்க வேண்டியவை

ஸ்பெக்ட்ரம் இடம்-வலம் ஒரே மாதிரி: எங்கோ மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டீர்கள். கலப்பெண் வரிசையைக் கோப்பில் எழுதும்போதும், மெய்யெண்ணுக்கென ஒதுக்கிய வரிசையில் நிரப்பும்போதும் இது நடக்கும்.

ஸ்பெக்ட்ரம் இடம்-வலம் புரண்டிருக்கிறது, ஐ-க்யூ வரிசை சரியாகத்தான் இருக்கிறது: ஆக்டேவ், மேட்லேப் இரண்டிலும் ஒற்றை மேற்கோள் குறி வரிசையை நெடுக்காக மாற்றுவதோடு இணைக் கலப்பெண்ணாகவும் மாற்றிவிடும். அப்படி மாற்றினால் சுழற்சிகள் எல்லாம் திசை திரும்பிவிடும். முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினால் நெடுக்காக மட்டும் மாறும். மெய்யெண்களோடு பழகிய கைக்கு இந்தப் புள்ளி மறக்கும், மெய்யெண்களில் அது வேறுபாடும் காட்டாது.

இரண்டு முறை புரட்டிச் சரியாகிவிட்டது: சரியாகவில்லை. கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒன்று, மிக்ஸரின் குறியில் ஒன்று என இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைக்கின்றன. அடுத்து ஒரு படியைச் செருகும்போது ஒன்று மட்டும் வெளியே வரும். +1000 ஹெர்ட்ஸ் சுழற்சி ஒன்றைச் செயற்கையாகச் செய்து ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே ஊட்டுங்கள். எந்தப் படியைத் தாண்டும்போது எதிர்பாராமல் −1000 ஆகிறதோ, பிழை அந்தப் படியில்.